குறுக்குவழி

மீட்டெடுப்பு முடிந்தது என்கிறது திரை.
திறந்தால் கோப்பு ஒரே ஒரு கிலோபைட்.

கட்டபெட்டு இலை ஃபேக்டரி, இரவு பதினொன்றரை.
கீழே டிரையர் ஓடும் அதிர்வில்
மேசைமேல் டம்ளர் தானாக நகர்கிறது.
பழைய கணினி செவ்வாய்க்கிழமை இடியோடு போனது.
நாளை பட்டுவாடா.
நானூற்றுப் பன்னிரண்டு பேரின் பச்சை இலை எடை
இதற்குள் இருந்திருக்க வேண்டும்.

டிஸ்க்கை மாற்றினேன். கேபிளை மாற்றினேன்.
அனுமதிப் பிழையோ என்று அட்மினாக நுழைந்தேன்.
ஜூலைக்குப் போனேன், மார்ச்சுக்குப் போனேன்,
எல்லா இரவும் அதே ஒரு கிலோபைட்,
பக்கத்தில் பச்சை டிக்.

ஐகானின் மூலையில் அந்தச் சின்ன வளைந்த அம்பை
அப்புறம்தான் பார்த்தேன்.
பதினோரு மாதம் நான் சேமித்தது
கோப்பை அல்ல,
கோப்புக்குப் போகும் குறுக்குவழியை.

போனில் ஹாலண்ணனின் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.
"செடிக்குள்ள இறங்குற தடம் மாதிரியா?"
ஆமாண்ணா. தடம் இருக்கு.
வீடுதான் சரிவோட போயிருச்சு.

காலையில் எடைச்சீட்டோடு வருவார்கள்.
கார்பன் மங்கி, நனைந்து காய்ந்த தாள்;
மாதியின் முப்பத்தெட்டு
முப்பத்துமூன்றா என்று அவளையே கேட்க வேண்டும்.

அம்பை அழித்தேன்.
நிச்சயமாகவா என்றது.
பதினோரு மாதத்தில் அது என்னைக் கேட்ட
முதல் கேள்வி.