எடைப்பாலம்

வெறும் லோரியை முதலில் எடை போடுவேன்,
பிறகு குலையோடு.
கழித்தால் வருவதுதான் கணக்கு.
பதினோரு வருடமாக மில்லில் இதுதான் வேலை.

ஞாயிறு மட்டும் மஞ்சள் சட்டை,
மோட்டார் பின்சீட்டு, கழுத்தில் விசில்.
முன்னால் போகிறவரின் முதுகில்
காற்றுக்கு ஒண்டுகிறவர்களைப் பிடிக்க வேண்டும்.

பீடோர் ஈயக்குட்டையில்
ஏழு மணிக்குக் குதித்தவர்கள் ஆறே பேர், தொழில்முறை.
கால் மணி கழித்து முந்நூறு பேர்;
தண்ணீரே தெரியவில்லை.

செம்பனை ரோட்டில் லோகேந்திரன் தனியாக மிதித்தான்.
எதிர்காற்று முழுக்க அவனுக்கே.
லைசென்ஸுக்கு நானூறு வெள்ளி கட்டியவன்,
ஜெயித்தால் சைக்கிள் கடைப் பாக்கி தீரும்.

ஈப்போ பல் டாக்டர் யோங் பொழுதுபோக்குப் பிரிவு.
நாற்பதாயிரம் வெள்ளி சைக்கிள்,
இருபது முதுகுக்குப் பின்னால் சுகமாக வந்தார்.
ஊதினேன்.
யாருக்கு என்று இருபது பேரும் திரும்பினார்கள்.

முடிவில் டாக்டருக்கு முப்பத்தெட்டு வினாடி குறைவு.
"வேகமாக வந்தவனுக்குத்தானே பரிசு?"
கோபமில்லாமல்தான் கேட்டார்.
"காலி ரோடே ஒரு சலுகைதானே" என்றார் இன்னொருவர்.
அதுவும் பொய்யில்லை.
லோகேன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம், மில் சாவி என்னிடம்.
விளையாட்டாக இருவரும் கூடவே வந்தார்கள்.
இரண்டு சைக்கிளையும் ஒவ்வொன்றாகப் பாலத்தில் ஏற்றினோம்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது.
சைபர்.
சைபர்.

"ஆளோடு ஏறட்டுமா?" என்றான் லோகேன்.
ஏறு என்றேன்.
எதைக் கழிப்பது என்று தெரியாமல்
பேனா மூடியைத் திறந்தபடி நின்றேன்.