பதினெட்டு

பவூரெஸ் ஊரின் புல் ஓடுபாதை.
பிப்ரவரி. மூன்று நாள் மழை விட்ட காலை.
மாட்டிறைச்சி நிறுக்கும் தராசில்
ஒவ்வொருவராக ஏறி இறங்கினோம்.
ருபெர்த்தா குவாஹியும் அவள் இரண்டு கோழிகளும்
அறுபத்தெட்டு.
பதிவு அலுவலக எழுத்தர் ஐம்பத்தொன்பது
(காலணியைக் கழற்றச் சொன்னதில் அவருக்குக் கோபம்).
கொக்கோ மூட்டைகள் நான்கு, ஒவ்வொன்றும் நாற்பது.
நான் தொண்ணூற்றொன்று,
வீங்கிய கடைவாய்ப் பல்லையும் சேர்த்து.

திரினிடாடில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார்.
அதற்காகத்தான்.

"காற்று இன்றைக்கு ரொம்பக் கனம்" என்றேன்,
சட்டை முதுகோடு ஒட்டிய புழுக்கத்தில்
எல்லோரும் சொல்வதைத்தான்.
விமானி சத்துர்னினா யூக்கோ
பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று
கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடியே
"கனமாக இருந்தால் உங்களை ஏற்றியிருப்பேனே" என்றாள்.

பிறகு
கதவின் மேல் படிந்திருந்த ஈரத்தில் விரலால் எழுதினாள்.

நைட்ரஜன் தனியாகத் திரியாது.
பதினான்கும் பதினான்கும் கைகோத்தால் இருபத்தெட்டு.
ஆக்சிஜனும் சோடியாகத்தான்: முப்பத்திரண்டு.
எல்லாம் கலந்த உலர்ந்த காற்று
இருபத்தொன்பதுக்கு ஒரு நூலிழை கீழே.
நீராவியோ
ஒற்றை ஆக்சிஜன்,
அதன் தோளில் இரண்டு ஹைட்ரஜன் குஞ்சுகள்.
பதினெட்டு.

எட்டின் கீழ் வட்டத்திலிருந்து
ஒரு துளி வழிந்து
கதவின் பிடிவரை போனது.

"காற்றோடு சேர்கிறது, சேர்ந்தால் கூடத்தானே வேண்டும்?"
எழுத்தர் கேட்டார். கூட்டல் அவர் தொழில்.

"சேர்வதில்லை. இடம் பிடிக்கிறது.
அதே அழுத்தம், அதே சூடு என்றால்
ஒரு பெட்டிக்குள் இத்தனை பேர்தான்.
யார் எவர் என்று பெட்டி கேட்பதில்லை.
ஒரு பதினெட்டு உள்ளே வந்தால்
ஒரு இருபத்தெட்டோ முப்பத்திரண்டோ
எழுந்து போயாக வேண்டும்."

இன்றைக்கு நூற்றுக்கு நான்கு பேர் எழுந்து போயிருக்கிறார்களாம்.
அதனால் காற்று இளைத்தது நூற்றுக்கு ஒன்றரை.

அவ்வளவுதானா என்றேன்.
அவள் ஓடுபாதையின் கோடியைக் காட்டினாள்.
அங்கே ஒரு மோட்டாக்கூ பனை.
தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள்.
பனைக்கு மேல் சக்கரம் போகும்போது
சாண் சாண்தான்.
வெயில் கொஞ்சம் எடுத்துக்கொண்டுவிட்டது,
சேறு கொஞ்சம்.
மிச்சமிருந்ததில் ஆவி கை வைத்திருந்தது.

கொக்கோவுக்கு முன்பணம் வந்துவிட்டது.
கோழிகளை விட்டு ருபெர்த்தா வரமாட்டாள்.
எழுத்தரிடம் முத்திரையிட்ட காகிதங்கள் இருந்தன.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
என் இடத்தில் ஏற ஒருவரும் இல்லை,
அந்த இருக்கை வெறும் காற்றோடு போகும்.
இறங்கினேன்.

புல்லைக் கிழித்து ஓடியது விமானம்.
நீண்ட நேரம் எழவில்லை.
எழுந்தபோது
பனையின் ஓலைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து
மெல்லத் திரும்பி வந்தன.

தராசின் பக்கத்தில் உட்கார்ந்து
கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.
அப்படியானால் கனத்தது காற்றல்ல.
போக இடமில்லாமல்
என்மேலேயே தங்கிவிட்ட என் வியர்வை.
வாய் திறந்து மூச்சு விட்டேன், பல்வலிக்குப் பயந்து, கொஞ்சம் கொஞ்சமாக.
அதிலும் சில பதினெட்டுகள் இருந்திருக்கும்.
மேலே போயிருக்கும்.

மூன்று மணிக்கு மழை.
கூரைத் தகரத்துக்குக் கீழே ஓடினேன்.
தராசை உள்ளே இழுக்க யாருக்கும் தோன்றவில்லை.
அதன் குழிந்த தட்டில் நீர் சேரச் சேர
முள் அசைந்தது.
அரை கிலோ.
ஒன்று.
நான் நனைந்தபடி போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
ஒன்றே முக்கால்.