மூன்றாவது கட்டம்

சத்தம் கேட்டே எஞ்சின் பழுது சொல்பவன் நான்.
மோர்ப்பண்ணைக் கரையில் நாற்பது வருடம்.
அதனால்தான் அந்த அம்மா தேடி வந்தார்,
கழுத்தில் ஹெட்போன், கையில் தாள்:
"மிஸ்திரி, இதில் எது படகு, எது ஆவுளியா?"

கடலுக்கு அடியில் மைக் இறக்கியிருந்தார்.
தாழை மேய்கிற ஆவுளியா கீச்சிட்டது.
ஒரு வள்ளத்தின் கனம், ஒரு குருவியின் குரல்.
முதல் நாள் நான் சிரித்துவிட்டேன்.

தாளில் மூன்று கட்டம்.
ஆவுளியா. எஞ்சின். தெரியவில்லை.
ஒரு துண்டுச் சத்தத்துக்கு ஒன்றரை ரூபாய்.
"தெரியவில்லைக்குமா ஒன்றரை?"
"அந்தக் கட்டத்துக்குத்தான் மிஸ்திரி
நான் என் வேலையையே கொடுத்தேன்."

பேர் மெத்தில்டா ரொட்ரிகோ. ஊர் மூக்கையூர்.
அப்பா சங்கு குளித்தவர்.
பம்பாயில் படித்த காலத்தில் கம்ப்யூட்டர்
நம் ஐஸ் பிளாண்ட் அத்தனை பெரிதாம்.
இரவு இரண்டு மணிக்குத்தான் முறை கிடைக்கும்,
இரவில் பெண்கள் உள்ளே வரக் கூடாது.
ஆள் போகாமல், ஓட்டை போட்ட அட்டைகள் மட்டும் போகும்
வாட்ச்மேன் கையில்.
ஒருமுறை அவன் படியில் தவறவிட்டு
அள்ளியபடியே அடுக்கிக் கொடுத்தான்.
மெஷின் அன்றைக்கு உளறியதை
அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

கையெழுத்துத் தமிழை அதற்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்.
காலும் ரகரமும் ஒன்றுபோல் வந்த இடத்தில்
அது நின்றது.
ஒரு கேள்விக்குறி அச்சிட்டது.
தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினாராம்:
"தெரியாது என்று சொல்ல மெஷின் எதற்கு அம்மா,
என் மருமகன் இருக்கிறானே."

பணம் நின்றது.
பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில்
செத்தவர்களின் பிரீமியத்தைக் கூட்டிக் கழித்தார்.
பிறகு ஒருநாள் வெளிநாட்டுப் பத்திரிகையில் அவருடைய கணக்கு,
வேறு யாரோ புதிதாய்க் கண்டுபிடித்ததாக.
அடிக்குறிப்பில் இரண்டு வரி எம். ரொட்ரிகோவுக்கு.
அதிலும் அவரை ஆண் என்று நினைத்து எழுதியிருந்தார்கள்.

விருது பின்னால் வந்தது. கண்ணாடிப் பலகை.
கச்சான் காற்றில் கதவு அடிக்காமலிருக்க
அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார்.

நல்லவர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.
காசில் கறார். கோபம் வந்தால் பேனா பறக்கும்.
எனக்கு இன்னும் இருநூற்றுப் பத்து ரூபாய் பாக்கி.

பெட்டி சத்தம் பிரித்துச் சொல்லும்.
ஆவுளியா என்றால் படகுகளுக்குப் போன் போகும்,
வலை விடாதீர்கள் என்று.
தெரியவில்லை என்றாலும் போகும்.
ஒரு மாசி இரவு அப்படிப் போனது.
பதினேழு படகு இரண்டு மணி நேரம்
எஞ்சின் அணைத்து இருட்டில் ஆடி நின்றது.
இறால் போய்விட்டது.
விடியலில் கரை முழுக்க வசவு.
அவர் செருப்பில்லாமல் மணலில் நின்றார்.
"தெரியாதபோது நில்லுங்கள்
என்று மட்டும்தானே கேட்டேன்."
யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம்
சேசுராசு படகை ஏற்றிப் பார்த்தேன்.
ஷாஃப்ட் பேரிங் தேய்ந்து கீச்சிட்டது.
குருவி மாதிரி.
முந்தின வாரம் நான் மாட்டிய பேரிங்,
பழையது, புதிது என்று காசு வாங்கியது.
மாற்றினேன். வாயைத் திறக்கவில்லை.

ஐப்பசியில் அவர் போய்விட்டார்,
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில்.
பெட்டியை எடுக்க சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள்.
தாளுக்குத் தாள் என் கையெழுத்து வேண்டுமாம்.
நாலாயிரத்து நூற்றுப் பதினேழாம் துண்டு வந்தது.
ஹெட்போனை மாட்டினேன்,
மாட்டாமலே தெரியும்.
அந்த இரவு, அந்தக் கீச்சு,
அதற்கு அடியில் பதினேழு படகின் மௌனம்.

மூன்றாவது கட்டத்தில் என் டிக் இருந்தது.
அடித்தேன்.
இரண்டாவதில் போட்டேன்.
பக்கத்தில் பேரிங் என்று எழுதி,
என் முழுப் பேரையும் எழுதினேன்.

பாக்கி இருநூற்றெட்டரை.