நாற்பது சென்டிமீட்டர்

வீட்டுக்கு ஆறு மீட்டர் நீளம்.
ஆழம் ஒன்றரை; குறைந்தால்
ஜனவரியில் குழாய்க்குள் தண்ணீர் கல்லாகிவிடும்.
கூட்டத்தில் இதைச் சொன்னவள் நான்.
கயிறு என்னுடையது, நோட்டும் என்னுடையது,
ஆகவே ஏச்சும் எனக்கே என்பது
அன்றைக்குத் தெரியவில்லை.

நரின் மலைகளுக்கு இந்தப் பக்கம்
நூற்றுப் பதினெட்டு வீட்டு ஊர் எங்களுடையது.
சோவியத் காலத்து மோட்டார்
செத்துப் பதினோரு வருடம்.
அன்றிலிருந்து கழுதையும் பால் கேனும்,
ஓடையில் எங்களுக்கு முன்னால்
குடித்துவிட்டுப் போகும் ஆடுகளும்தான்.
மாவட்ட ஆபீஸ் குழாய் கொடுத்தது.
"பள்ளம் உங்கள் பாடு" என்றது.
சரி, அஷார் என்றோம்.
கூலி கிடையாது, யாரும் யாரையும்
கெஞ்சுவதும் கிடையாது;
வீட்டுக்கு ஒரு மண்வெட்டி வந்தால்
அதற்குப் பெயர் அஷார்.

முதல் நாள் எழுபது மண்வெட்டி.
இரண்டாம் நாள் மழை, நாற்பத்து மூன்று.
மூன்றாம் நாள் பாறை தட்டியது.
அன்றைக்கு எண்ணவில்லை,
எண்ணினால் இன்னும் குறையுமோ என்று.

பூட்டிய வீடுகள் முப்பத்தொன்று.
மாஸ்கோவில் தெருக் கூட்டுகிறார்கள்,
டாக்சி ஓட்டுகிறார்கள்,
யாரோ பெற்ற பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிறார்கள்.
"அவர்கள் பங்கை நான் ஏன் தோண்ட வேண்டும்?"
என்று கேட்டான் தாலாய்பெக்.
கேட்டுக்கொண்டே தோண்டினான்.
இது அநியாயம், இது அநியாயம் என்று
ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முறை சொல்லி
மூன்று வீட்டுப் பங்கை முடித்தான்.
அவனை நிறுத்த யாருக்கும் மனம் வரவில்லை.

யாருக்கு எந்த இடம் என்று
சீட்டுக் குலுக்கித்தான் போட்டேன்.
சீட்டுக்குக் கண் இல்லை:
கச்சின்பாயும் சுயுனாலியும் பக்கத்தில் பக்கத்தில்.
ஒரு வைக்கோல் போர் எரிந்த நாளிலிருந்து
முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.
யார் வைத்த தீ என்பது
தீக்கே மறந்திருக்கும், பதினான்கு வருடம்.

ஊற்றிலிருந்து பாதி, ஊரிலிருந்து பாதி என
இரண்டு முனையிலும் அளந்து வந்தேன்.
மழையில் நனைந்த கயிறு
சுருங்கும் என்று யோசிக்கவில்லை.
கடைசியில் அந்த இருவருக்கும் நடுவில்
நாற்பது சென்டிமீட்டர் மிஞ்சியது,
யார் பெயரிலும் இல்லாத மண்சுவராக.

"என் ஆறு முடிந்தது."
"என் ஆறும்."
இருவரும் என்னிடம்தான் சொன்னார்கள்.
எழுநூறு மீட்டர் பள்ளம்
ஒரு முழத்தில் வந்து நின்றது.

மறுநாள் விடியும் முன் நானே இறங்கினேன்.
கணக்குத் தவறியவள் நான்,
கடப்பாரையும் நானே தூக்க வேண்டும்.
இடுப்பளவு போனதும் தலைக்கு மேல் ஒரு குரல்:
"நுரிபா, இதுவா ஒன்றரை மீட்டர்?"
சுயுனாலி.
எதிர்க்கரையில் கச்சின்பாய், மலையைப் பார்த்தபடி:
"அவன் சொல்வது சரி. உறைந்துவிடும்."

என்னை வெளியே தூக்கிவிட்டு
இருவரும் இறங்கினார்கள்.
இரண்டு ஆளுக்கு அங்கே இடம் இல்லை.
ஒருவர் குத்த, மற்றவர் மண்ணை வாரினார்.
பதினான்கு வருடத்தில் முதல் பேச்சு
என் காதில் விழுந்தது:
"கொஞ்சம் தள்ளு."

சமாதானம் என்று சொல்லமாட்டேன்.
தண்ணீர் வந்த அன்று
ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம்தான்.
நோட்டில் அந்த நாற்பதுக்கு நேரே
இன்னும் யார் பெயரும் எழுதவில்லை.

முதலில் காற்று, பிறகு இருமல்,
பிறகு தேநீர் நிறத்தில் ஒரு கோபம்,
கடைசியில் தண்ணீர்.

மாஸ்கோவிலிருந்து போனில் புருல்சா:
"எங்கள் வீட்டுக்கும் வருகிறதா?"
கேட்டின் மேல் ஏறிக் குதித்தான் தாலாய்பெக்.
முற்றம் முழுக்கக் காய்ந்த களை.
போனை ஒரு கையில் பிடித்தபடி குழாயைத் திறந்தான்.
வந்தது.
பார்த்தாயா, மூடட்டுமா என்றான்.

வேண்டாம் என்றாள்.
கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றாள்.
வீணாகும் தண்ணீரைப் பற்றி
அன்றைக்கு ஒருநாள்
நானும் ஒன்றும் சொல்லவில்லை.