பதினோராம் வளைவு

வலது காதுக்குப் பின்னே, சற்று மேலே,
இரண்டு விரல் அகலம்.
இருபத்தாறு வருஷம் அங்கேதான் குடியிருந்தேன்.
பிறர் மனசை நினைக்கும்போது
ரத்தம் கூடும் இடம்.

அஸ்தம்பட்டி ஸ்கேன் அறையில்
வெள்ளிப்பட்டறை பூங்காவனம்
குழாயிலிருந்து வெளியே வந்து கேட்டார்:
"யாரை நெனச்சேன்னு தெரிஞ்சுதாங்க?"
யாரையோ நினைத்தீர்கள், என்றேன்.
"அது எம் பொண்டாட்டிக்கே தெரியுமே."
கட்டுரையில் இதற்கு இடமில்லை.

ஓய்வு பெற்ற மறுநாள் ஏற்காடு பஸ்.
பதினோராவது வளைவில் மிளகு லாரி.
யாரும் ஹாரன் அடிக்கவில்லை.
லாரிக்காரன் ஒற்றைப் புருவம் தூக்கினான்;
நம்மாள் ரிவர்ஸ் போட்டார்,
பள்ளத்துக்கு ஒரு முழம் விட்டு.

பக்கத்து சீட்டில் என் கணவர்
ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
என்ன நினைக்கிறாரோ.
கேட்டேன்.
"ஸ்வெட்டர் எடுத்தியா?"