ஒத்தைக் கம்பி

திருப்பாலைக்குடி நண்டு ஷெட்டில்
எவர்சில்வர் மேசை கடிக்குது என்றார்கள்.
"கடிக்கல, கூசுது" என்று திருத்தினாள் ரலியத் பீவி,
ஓடு உடைக்கும் கத்தியைக் கீழே வைக்காமல்.
தரையெல்லாம் நண்டு வெந்த தண்ணீர்.
யார் காலிலும் செருப்பில்லை.

கரண்டு உள்ள பிளக்கில் டெஸ்டரைச் சொருகி
அது பொய் சொல்லாது என்று பார்த்துக்கொண்டு
மெயினை இறக்கினேன்.
பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டேன்.
ஐஸ் உருகுதே என்று எவனாவது ஏற்றிவிடுவான்.

ஃபேனுக்குப் பின்னால் சுவர் சுட்டது.
கொத்தினேன்.
சிமெண்டுக்குள் உயிரோடு புதைத்த மூட்டு.
டேப் பாகாய் இளகி ஓடியிருந்தது,
முறுக்கிய செம்பில் பச்சை.
செம்போடு பிறந்தது களிம்பு என்பார்கள்;
இது பிறவி அல்ல,
கச்சான் காற்று உப்புத் தடவித் தடவி வளர்த்தது.
எர்த் கம்பி அற்றுக் கிடந்தது.

டேப்பின் நுனியில் ஒரு சின்ன மடிப்பு,
பின்னால் உரிக்க வசதியாக,
ஆட்டுக்குட்டியின் காது போல.
அப்படி மடிக்கிறவன்
இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து ஒருவன்தான்.
ஏழு வருஷம் முன்பு.
ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

மூட்டே இல்லாத கம்பிதான் நல்ல கம்பி.
குழாய்க்குள் சிமெண்டு இறங்கிவிட்டது,
புதிதாக இழுக்க வழியில்லை.
பையில் நசுக்குகிற குழல்கள் கிடந்தன.
அவை பல இழைக்கு:
இழைகள் அமுங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.
ஒத்தைக் கம்பி அமுங்காது.
பிடிபட்ட மாதிரி நடிக்கும்,
நாள் பார்த்து நழுவும்.

பச்சை முடிகிற இடம்வரை வெட்டி எறிந்து,
செம்பில் கீறல் விழாமல் தோலுரித்து
(கீறிய ஒத்தைக் கம்பி ஒடிகிற கம்பி)
கனெக்டரின் பித்தளை வயிற்றுக்குள் விட்டு
முனைக்கு இரண்டு திருகு.
இழுத்துப் பார்த்தேன்.
நம்பாமல் இன்னொரு தரம் இழுத்தேன்.
பேஸ், நியூட்ரல், கடைசியில் எர்த்.
ரப்பர் வைத்த மூடிப் பெட்டியில், சுவருக்கு வெளியே,
யாரும் திறந்து பார்க்கும் உயரத்தில்.

கருகிய முடிச்சைத் தூக்கிப் பிடித்து
"எந்தப் பாவி வேலை இது?" என்றாள் ரலியத்.

"நான்தான்."

நண்டு உடைக்கிற சத்தம் நின்றது.

பியூஸை மாட்டி மெயினை ஏற்றினேன்.
மீட்டர் பூஜ்யம் காட்டியது.
அவள் மீட்டரைப் பார்க்கவில்லை.
"அப்ப மொதல்ல நீ கை வை" என்றாள்.

செருப்பைக் கழற்றினேன்.