அழுவுணி

ஊத்தங்கரையிலிருந்து மாற்றலாகி வந்த பதினோராம் நாள்.
ராத்திரி ஒன்றே முக்கால்.
சென்னையில் யாரோ ஒரு பெண் போனை எடுத்து
எங்கள் பக்கம் தள்ளிவிட்ட விவரம்:
நெஞ்சுவலி. ஆண். ஐம்பத்தெட்டு. இட்டமொழி.
அழைத்தவர் ‘அழுவுணிய அனுப்புங்க’ என்கிறார்.
அழுவது யார் என்று விசாரிக்கவும்.

வண்டிமலையான் சாவியைத் திருகிக்கொண்டே சிரித்தார்.
(டிரைவரின் பெயரே அதுதான். குலசாமி பெயர்.
வேலைக்குப் பொருத்தமாக யாரும் வைத்ததில்லை.)
“யாரும் அழல தங்கச்சி. நம்ம வண்டியத்தான் சொல்லுதாவ.
நாங்குநேரிக்குக் கிழக்க இதுக்குப் பேரு அழுவுணி.
அம்பாசமுத்திரம் பக்கம் வெறும் நூத்தெட்டு.
உவரியில கரைவள்ளம்பாவ.”

மூன்றாம் கியர் விழும்வரை பேசாமல் இருந்தார்.
“மானூர்ல ஒருக்க வைக்கப்படப்புல தீ.
செவப்பு வண்டி போய் நிக்கி.
தண்ணி வண்டி, தண்ணி வண்டின்னு சின்னப் பிள்ளைய கத்த
பொம்பளையாளுவ பூரா கொடத்தோட வந்துட்டாவ.
ஆறு கொடம் பிடிச்ச பொறவுதான்
படப்பு எரியுததே தெரிஞ்சிருக்கு.”

நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

இட்ட மொழி.
யார் இட்டது என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.
முருங்கைக்காய்க் கட்டுகளுக்கு நடுவே
கமிஷன் கடை லிங்கதுரை
சட்டை முழுக்க வேர்த்து, பிளாஸ்டிக் நாற்காலியில்.
குனிந்து அவர் தோளைத் தொட்டுச் சொன்னேன்:
“பயப்படாதீங்க ஐயா. வெள்ளை வண்டி வந்துடுச்சு.”

எங்கள் ஊரில் இதைக் கேட்டாலே பாதி வலி போகும்.
எங்கே விபத்து என்றாலும் அம்மா முதலில் கேட்பது
வெள்ளை வண்டி வந்துச்சா என்றுதான்.

இங்கே அவர் மனைவி கையிலிருந்த சொம்பு விழுந்தது.
அவர் எழுந்துவிட்டார், எழக் கூடாதவர்,
கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
“நான் இன்னும் சாவலையே” என்றார்,
கணக்கில் பிழை கண்டுபிடித்த குரலில்.

ஆஸ்பத்திரியிலிருந்து திருப்பிக் கொண்டுவருமே,
அதுதான் இங்கே வெள்ளை வண்டி.
சத்தம் போடாது.
தெருவே எழுந்து நிற்கும்.

“அண்ணாச்சி, பிள்ள அசலூரு. வாய் தவறிட்டு.
இது அழுவுணில்லா, கேளும்” என்று
வண்டிமலையான் ஓடிப்போய் சைரனை அழுத்தினார்.
ஊர் நாய்கள் அத்தனையும் பதில் சொல்லின.
லிங்கதுரையின் விரல்கள்
நிலையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன.

மாத்திரையை மெல்லச் சொன்னேன். மாஸ்க்கை மாட்டினேன்.
மூன்றடைப்பு தாண்டியதும் சாலையில் ஓர் ஆள் இல்லை.
காலிச் சாலையில் சைரன் கூடாது என்பது எங்கள் விதி.
அணைந்தது.
அவர் மாஸ்க்கைத் தூக்கினார்.
“நிப்பாட்டாத. அழட்டும்.”

பொன்னாக்குடி வரை, அதற்கு அப்பாலும்,
யாரும் விலக வேண்டாத சாலையில்
அழுதுகொண்டே போனோம்.
திரையில் அவர் இதயம் கோணல்மாணலாக
ஆனால் விடாமல் எழுதிக்கொண்டிருந்தது.

ஐகிரவுண்டு வாசலில் அணைத்தே ஆக வேண்டும்,
உள்ளே நோயாளிகள் தூங்குகிறார்கள்.
அணைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார்.
பிடியில் இருந்த கேள்விக்கு
எனக்கு எந்த ஊர்ச் சொல்லும் வரவில்லை.

ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டில் வண்டிமலையான்
அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி
ஊ…யி ஊ…யி என்று வாயால் ஊதத் தொடங்கினார்.
வாட்ச்மேன் நிமிர்ந்து பார்த்தார். ஊதினார்.
லிப்ட் வேலை செய்யவில்லை. ஊதினார்.
சாய்தளத்தின் இரண்டாம் திருப்பத்தில்
அவருக்கு மூச்சு வாங்கியபோது
நான் எடுத்துக்கொண்டேன்.

உச்சரிப்பு இந்த ஊருடையது இல்லை.
அவர் பிடி தளர்ந்து, கண்ணைத் திறந்து,
“இது எந்த ஊரு அழுவுணி?” என்றார்.